உள்ளங்காலில் ஒரு மச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலமாகவே இருக்கிறேன்.

என்னைப் போன்ற பொது மருத்துவர்களுக்கு, தோல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வெட்டி எடுக்க இங்கே பயிற்சி தருகிறார்கள். போன வாரம் ஆசிரியை எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். "கறுத்த தோல்காரங்களுக்கு இதுல மோசமான வகை உள்ளங்கால்லதான் அதிகம் வரும். அங்கதான் யாரும் பார்க்கிறதில்ல."

பக்கத்து இருக்கை டாக்டர் லென்ஸை வைத்து என் காலைப் பார்த்துவிட்டு ஆசிரியையைக் கூப்பிட்டார். "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க."

குதிகாலருகே கறுப்பாக ஒரு மச்சம். எனக்கே தெரியாது. ஆசிரியை மரத்துப்போக ஊசி போட்டு அன்றே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மற்றவர்கள் சுற்றி நின்று கற்றுக்கொண்டார்கள். "புத்தகத்தைவிட உங்க கால்ல நல்லா புரியுது," என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குத்தான் எந்தப் பாடமும் மண்டையில் ஏறவில்லை. நேற்று வந்துவிட்டது. வெறும் மச்சம்தான், பயப்படாதே.

தையல் ஆறும்வரை மெத்தென்ற செருப்பு வேண்டும். நீ வீட்டுக்குள் போடும் பழைய செருப்பையே அனுப்பு, புதிது வேண்டாம். அப்பாவின் உள்ளங்காலைப் பகல் வெளிச்சத்தில் பார். உன்னுடையதை அவர் பார்க்கட்டும்.

"மாசம் ஒரு தடவை வீட்டுல யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்க" என்று நோயாளிகளிடம் சொல்லப் பழகிவிட்டேன். லீவில் வரும்போது என் முதுகை நீ பார்க்க வேண்டும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்