உங்கள் அம்மாவின் பேருக்கு ஓர் அர்ச்சனை

அக்கா,

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் வாசலில் மிளகு காய்கிறது. கொடியிலிருந்து பறித்து மிதித்துப் போட்டதும் அந்தக் காரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தும்மிக்கொண்டே பூ கட்டினேன். இன்று உங்கள் அம்மாவின் நட்சத்திரம். கோயிலுக்குப் போக வேண்டும். நம்மோடு வேலை பார்த்தவள் லண்டனிலிருந்து போன் செய்து, நீங்கள் காலமாகி, காரியமும் முடிந்தது என்று சொன்ன பிறகு வருகிற முதல் அர்ச்சனை.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த இதே மிளகைத்தான் நீங்கள் லண்டனில் தேநீரில் தட்டிப் போடுவீர்கள். முதியோர் இல்லம் ஒன்றில் நாம் சேர்ந்து வேலை பார்த்தோம். இலங்கையில் போர் முடிவை நெருங்கிய மாதங்கள். வேலை விட்டதும் நேராகப் போய் நாடாளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லும் கூட்டத்தோடு நிற்பீர்கள். ஒருநாள் பிளாஸ்க்கை என்னிடம் நீட்டினீர்கள்.

"நான் உங்க நாடு இல்லீங்களே அக்கா" என்றேன்.

"தேத்தண்ணி ஊத்துறதுக்கு என்ன நாடு? பிடியும்."

பிடித்தேன். குண்டு விழும் இடத்தில் அகப்பட்டிருந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்வீர்கள். உங்கள் அம்மாவின் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்வீர்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

போர் முடிந்தது. அம்மாவைப் பற்றித் தகவல் இல்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை. தெருவில் நின்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நீங்களும் திரும்பினீர்கள். பேச்சுதான் குறைந்துபோனது.

நான் ஊரோடு வந்துவிட்ட பிறகு, என்னைப் பார்க்க மலைக்கு வந்தீர்கள். "அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பம்" என்று நீங்களேதான் சொன்னீர்கள். ஒரே பிள்ளை என்பதால், கோயிலுக்குக் கீழே ஆற்றில் முழுகிவிட்டு நீங்களே எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்தீர்கள்.

"அம்மா பேரு சொல்லுங்க" என்றார் குருக்கள்.

நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். லண்டனில் அத்தனை கூட்டத்தின் நடுவே உரக்கச் சொன்ன பெயர்.

"இதில சொன்னா, நானே முடிச்சு வச்ச மாதிரி" என்று எழுந்துவிட்டீர்கள். ஈரச் சேலையோடு படியேறி, சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, பெயரையும் நட்சத்திரத்தையும் கணீரென்று சொன்னீர்கள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை.

சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் ஏறும்போது, "வருசா வருசம் அவவின்ர பேருக்குச் செய்யும்" என்றீர்கள். செய்துவருகிறேன்.

இன்று குருக்கள் தட்டை வாங்கும் முன் கேட்டார்: "அந்த லண்டன் அம்மா சவுக்கியங்களா?"

"போயிட்டாங்க."

"அப்போ இனி அவங்கம்மாவுக்கும் சேர்த்துத் திதி கொடுத்துடலாங்களே. உசுரோட இருந்தாலும் நூறு வயசை நெருங்கியிருக்கும். தேடறதுக்கும் ஆளில்லையே, அம்மிணி."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"நான் இருக்கேனுங்க" என்றேன். தட்டை அவர் கையில் கொடுத்து, உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன், அக்கா.