ஆனந்தக் கண்ணீர் என்று போட்டீர்கள்

ஐயா,

இன்று காலை என் மகள் புதுப் போன் பெட்டியைப் பிரித்தாள். அந்தப் பிளாஸ்டிக் வாசனை பட்டதும் கை வேலை அப்படியே நின்றுவிட்டது. முதன்முதலில் அது என் மூக்கில் ஏறியது பதினைந்து வருடம் முன்பு, நீங்கள் என் கையில் ஒரு போனைக் கொடுத்தபோது.

நாமக்கல்லில் சின்னக் கடை வைத்துப் போன் பழுது பார்த்தவர் நீங்கள். சிங்கப்பூர் போய், பிறகு ஆப்பிரிக்க நாடுகளில் மலிவுப் போன் விற்றுப் பெரிய ஆளானீர்கள். ஏழைகளுக்கு இலவசமாகப் போன் தருகிறவர் என்று சொல்லித்தான் உங்களை எங்கள் மலை ஊரான திருப்புலி நாட்டுக்குக் கூட்டி வந்தார்கள். நான் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஊட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டீர்கள்.

"தண்ணிக்குப் போர் போடற லாரியில வடக்க போயிருக்காருங்க. மூணு மாசமா ஒரு தகவலும் இல்லீங்க."

"இந்தாங்க, அவருகிட்டப் பேசுங்க."

நம்பினேன். எங்கள் மலையில் அப்போது டவர் கிடையாது; டவர் இல்லாமலே பேசுகிற வெளிநாட்டுப் போன் என்று நினைத்தேன். "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று கத்தினேன். பதிலே இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அழுதேன். உங்கள் ஆள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"போதும்மா, நல்லா வந்திருக்கு" என்று போனை வாங்கிக்கொண்டீர்கள். "லைன் கெடைக்கலீங்களா?" என்றேன். "இது போட்டோவுக்குத்தாம்மா. அடுத்த மாசம் டவர் வந்துரும்."

வரவில்லை. அடுத்த மழைக்குள் என் கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அவருடைய கூட்டாளி மலையேறி வந்து சொன்னார்: "ஆஸ்பத்திரியில கெடந்த நாலு நாளும் உங்க குரலக் கேக்கோணும்னே இருந்தாருங்க. எந்த நம்பருக்குப் போடறதுன்னு தெரியலீங்க."

ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியது அதற்குப் பிறகுதான். "அக்கா, இது நீங்கதானே?" நான்தான். கீழே எழுதியிருந்ததையும் அவரே படித்தார்: கணவரின் குரலைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர். அந்தப் படத்தைக் காட்டி நீங்கள் எத்தனையோ நாட்டில் மாலை வாங்கியிருந்தீர்கள்.

நான் காத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து, எங்கள் மலைக்குப் பெரிய ஊரான செம்மேட்டில் உங்களுக்குப் பாராட்டு விழா, நான் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். அழைக்க வந்தவர்களில் ஒருவர்கூட என் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்து, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தப் போன்ல யாரும் பேசலீங்க. எங்க ஊட்டுக்காரரு செத்துப் போயிட்டாரு. சாகறப்பக்கூட அவரால என்கிட்டப் பேச முடியலீங்க."

உங்கள் முகம் வெளுத்தது. கழுத்து மாலையைக் கழற்றவும் தெரியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நீங்கள் தவித்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஒரு வாரத்தில் தனியாக வந்து வாசலில் நின்றீர்கள். "தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிருங்க."

"டவர நட்டுப்போட்டு வாங்க."

நட்டீர்கள். மறுபடி வந்து, "நட்டுட்டேம்மா" என்றீர்கள். "பாத்தேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன். நீங்கள் வெகுநேரம் அங்கேயே நின்றதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போன மழைக்காலத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோது, ஆம்புலன்ஸ் வந்ததும் தாயும் பிள்ளையும் பிழைத்ததும் உங்கள் டவரால்தான். அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

நீங்கள் இறந்து, உங்கள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மகன் வந்தார். உங்கள் ஜாடையேதான். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அப்பா கடைசியா உங்களப் பத்தித்தான் பேசுனாருங்க. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அத மட்டும் கேக்காதீங்க சாமி" என்றேன். "அது எங்கிட்டயே இருக்கட்டும்."