களத்தில் இரண்டு கட்டில்கள்

12 பிப்ரவரி 1968
நெல் அடித்து முடிந்தும் களத்தில்தான் படுக்கை. "எடம் யாரு அனுபவத்துல இருக்குதுன்னு கோர்ட்டு பாக்கும் சார். படுக்கைய மட்டும் விட்டுடாதீங்க" என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் என் கட்டில். அந்தப் பக்கம் அண்ணன் தணிகாசலத்தின் கட்டில். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பி.ஏ., பி.டி. படித்த என்னைத் தாண்டி எவனோ தலைமை ஆசிரியர் ஆனான். களம் முழுவதையும் அப்பா வாய்மொழியாகத் தனக்கே கொடுத்தார் என்கிறான் அண்ணன். இரண்டையும் மறப்பதாக இல்லை.

15 பிப்ரவரி
மலையடிவாரத்தில் சிறுத்தை. கொல்லையில் படுத்திருந்தவரைத் தொடவில்லை. கட்டில் காலில் கட்டியிருந்த நாயைக் கொண்டுபோய்விட்டது.

17 பிப்ரவரி
பக்கத்து ஊரில் இன்னொரு நாய். அதுவும் கட்டில் காலில் கட்டியதுதான். சிறுத்தைக்குப் பயந்து ஊரே நாயைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. வருவதே நாய்க்காகத்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? அண்ணனும் கட்டியிருக்கிறான். சங்கிலி போட்டு.

18 பிப்ரவரி
இரண்டு பேருக்கும் கூலி வேலை செய்கிற முனுசாமியிடம், நாயை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல் என்றேன். போனவன் சிரித்துக்கொண்டே வந்தான்.
"'நாய அவுக்கணுமாமா? கல்ல நகத்துறப்போ அது குலைக்கக் கூடாது, அதான? படிச்சவன் மூள எப்டி வேல செய்யுது பாரு!' இன்றாரு சார்."
ஆக, அந்த நாய் சிறுத்தைக்காகக் கட்டியதல்ல. எனக்காக.
கிடக்கட்டும்.

20 பிப்ரவரி
நேரில் சொன்னால் என்ன? கல் வரை போனேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருவருமே கட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் யார் முதலில்?

23 பிப்ரவரி
விடிவதற்குள் சிறுத்தை வந்துவிட்டது. நாயைக் கவ்வி இழுத்ததில் சங்கிலியோடு கட்டிலும் புரண்டது. நாயை விடாமல் அண்ணன் சங்கிலியைப் பிடித்திருக்கிறான் — முட்டாள், விட்டுத் தொலைத்திருக்கலாமே! நான் லாந்தரோடு கத்திக்கொண்டு ஓடினேன். சிறுத்தை அவன் கையை விட்டுவிட்டு ஓடியது. வலது கை முழுவதும் கிழிந்து தொங்கியது.
என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வண்டி பூட்டும்போது முனுசாமி சொன்னான்: "'அண்ணா, அண்ணா'ன்னுதான் கூவுனீங்க."

25 பிப்ரவரி
சென்னை ஆஸ்பத்திரி. வராந்தாவில் அண்ணி பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.
"இங்க இன்னா தம்பி வேல உங்களுக்கு? போய்ப் படுங்க. களத்துலதான் இப்ப யாரும் இல்லியே."
அப்படியே படியிறங்கிவிட்டேன்.

2 மார்ச்
முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

9 மார்ச்
என் கட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவன் கட்டில் அங்கேயே கவிழ்ந்து கிடக்கிறது. அதை நான் எப்படித் தொடுவது?

18 ஏப்ரல்
திருவள்ளூரில் வாய்தா. இருவரும் ஒரே பஸ். அண்ணிக்குக் காய்ச்சல், அதனால் தனியாக வந்திருந்தான். கோர்ட்டுக்கு எதிர் ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.
"நாஷ்டா சாப்பிடலையா?"
"பசிக்கல."
பொய். நாலு பேர் எதிரில் இடது கையால் சாப்பிட மாட்டான். அந்த வீம்பு அப்பாவுடையது. எனக்கும் வந்திருக்கிறது. இட்லி வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.
"கேச நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றேன்.
"எவன்டா கேட்டான் உன்ன?"
இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு நீட்டினேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். வாயைத் திறந்தான்.