அப்பா தாளம் போட்ட பாட்டு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், நீயும் அங்கே நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன், மறுபடி திறந்தேன், ஏனென்றால் நலம் என்பது பாதிதான் உண்மை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன், நீ அங்கே தனியாகக் கிடந்து பதறுவாய், அதனால்தான்.

நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்த கச்சேரிக்குப் போய்வந்தோம். அப்பாவைச் சமாதானப்படுத்தத்தான் எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா. அவருக்கு உயிரான பாடகர் ஆச்சே, மத்தியானமே மில்லில் இருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த மரத்தூள் போகத் தேய்த்துக் குளித்து, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிட்டார். கச்சேரியோ கொடுமை. பாடகர் வரவே ரொம்ப நேரமாயிற்று, வந்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரலை உயர்த்த வேண்டிய இடம் வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். நடுவில் மைக் கீச்சென்று கத்தியதில் அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது, அப்பா மட்டும் அசையவில்லை. மனுஷனுக்கு என்ன பொறுமை, வீட்டில் இதைக் கண்ணால் கண்டதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு பாட்டின் பாதியில் ஸ்பீக்கர் எல்லாம் செத்துப்போயிற்று. பாடகர் அது தெரியாமல் பாடிக்கொண்டே இருக்கிறார், வாய் மட்டும் அசைகிறது. எங்களுக்குப் பின்னால் சத்தம் வரல சத்தம் வரல என்று ஒரே கூச்சல். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பி, "அந்தக் குரல் கொஞ்சம்கூட மாறல, பாத்தியா" என்றார். நான் பாத்தேன் என்றேன். மறுநாள் அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டேன். திரும்பவில்லை. டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதும், கூப்பிட்டால் பதில் சொல்லாததும் திமிர் என்றல்லவா இத்தனை நாள் சண்டை போட்டேன். எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்தே சமாளித்துவிடுகிறார் கண்ணு.

மில்லில் அப்பா ரம்பத்தை ஓட்ட, அறுத்து வரும் பலகையை எதிர்ப்பக்கம் நின்று வாங்குகிறவர் ஒல்லி மாமாதான், உனக்குத் தெரியும் (இப்போது வாசலில் பக்கவாட்டில்தான் நுழைகிறார், பேர் மட்டும் மாறவில்லை). அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணி, அவனுக்குக் காது போய் ரொம்ப நாளாச்சு. நான் கையைத் தூக்கினா ரம்பத்தை நிறுத்துவான், அப்படித்தான் ஓட்டுறோம்" என்றார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று ரெண்டு பேருமாக மூடி மறைத்திருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும், எனக்கு அந்தக் கையை நினைத்துத்தான் தூக்கம் இல்லை. அந்தக் கையே மாட்டிக்கொண்டால் அவர் எதைத் தூக்கிக் காட்டுவார்? தொண்டை கிழியக் கத்தினாலும் அப்பாவுக்குக் கேட்காதே. அப்பா சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது முதலில் அவருடைய ரெண்டு கையையும் பார்க்கிறேன், அப்புறம் ஒல்லி மாமா வீட்டுக்குப் போயிட்டாரா என்று கேட்கிறேன். பயமாக இருக்கிறது, ரொம்பப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ அவ்வளவு தூரம் வேலைக்குப் போன கோபத்தில்தான் அப்பா போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். காய்ச்சல்ல படுத்திருக்கேன்ப்பா என்று நீ சொன்னதற்கு, ரொம்ப சந்தோஷம்மா என்றாரே, நீகூடப் பட்டென்று போனை வைத்தாயே. அவருக்குக் கேட்கவே இல்லை. நீ பேசி முடித்திருப்பாய் என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் போனைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டுதானே இருக்கிறார்.

நான் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். நீ எழுது. முதலில் அவரோடு கொஞ்சம் பிரியமாகப் பேசு, அப்புறம் காது டாக்டரிடம் போகச் சொல், ரம்பத்தை விட்டுவிட்டு மில்லில் வேறு வேலை கேட்கச் சொல். உன் எழுத்தைத் தட்டமாட்டார். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தை அப்பா பேருக்கே போடு, மறந்துவிடாதே.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு: யாருக்கு எழுதுகிறாய் என்று அப்பா கட்டிலில் இருந்தே கேட்டார், உனக்கு என்று ஜாடை காட்டினேன். பாட்டு ரொம்ப நன்றாகக் கேட்டது என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.