மீனுக்குத் தெரியக் கூடாத படகு

கோபம் வந்தால்கூட பாதியில் சிரித்துவிடும் என் அண்ணனுக்கு,

உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் படகுக்கு ஆரஞ்சு நிறம் அடித்துவிட்டோம். அடிப்பாகம், பக்கம், உட்புறம் எல்லாம். மஸ்கெலியா டவுனில் பெயின்ட் கடைக்காரர், "இது ரோட்டு வேலைக்காரங்க வாங்குற கலரும்மா, படகுக்கு யாரும் அடிக்க மாட்டாங்களே" என்றார். அதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "மீனுக்கு லெட்டர் போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு" என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறேன், தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன், நிறுத்துப் போடுகிறேன், வருகிறேன். சாப்பிடுகிறேன், தூங்கவும் செய்கிறேன். அழுகைதான் வரவில்லை. ஆரம்பத்தில் அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "ஏம்புள்ள, கல்லு மாதிரி ஒக்காந்திருக்க" என்றார்கள். இப்போது அவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் சின்னவன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். வேறு என்ன சொல்ல?

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கப் போவதில்லை. நீங்கள் படிக்கப் போவதே இல்லை, அது எனக்குத் தெரியும். டேமில் படகு வைத்திருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் போய்ச் சொன்னால், கொழுந்து எடுக்கிறவள் மீன்பிடிக்கிறதைப் பற்றி என்ன பேச வந்தாள் என்பார்கள். செத்துப்போன அண்ணனுக்கு எழுதினால் பேசாமல் கேட்பார்கள். அதனால் உங்களைத் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேமில் வலை போடுகிறவர்களுக்குப் படகின் நிறத்தைப் பற்றிக் கவலை இல்லை. மாலையில் வலையை விட்டுவிட்டு வருவார்கள், காலையில் போய் எடுப்பார்கள். மீன் மாட்டும்போது படகு அங்கே இருக்காது. நீங்கள் தூண்டில்காரர். ஓரத்துத் தண்ணீரில் படகை நிறுத்திவிட்டு, திலாப்பியா கடிக்கும்வரை சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். மீனுக்கு நேர் மேலே படகு நிற்கும். மீன் அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் உங்களுக்கு ராத்திரி பகல் யோசனை.

வெள்ளைப் படகைப் பார்த்தால் கொக்கின் வயிறு என்று நினைத்து மீன் ஓடிவிடும் என்பீர்கள். வெள்ளைப் படகு வைத்திருக்கிற சுனில் அய்யா அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "அப்போ ஒங்க போட் நீர்க்காகம் மாதிரி இருக்கு. கொக்கு ஒரு மீன் தின்னா நீர்க்காகம் பத்து மீன் தின்னும்" என்பார். இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து இதையே வருஷக்கணக்காகப் பேசினீர்கள். ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

பெயின்ட் கடைக்கு ஒரு போத்தலில் டேம் தண்ணீரைக் கொண்டுபோய், இதே நிறத்தில் வேண்டும் என்று கேட்ட ஆள் நீங்கள். கடைக்காரர் சிரித்த சிரிப்பை நீங்களே எங்களுக்கு நடித்துக் காட்டினீர்கள். கடைசியில் பச்சையில் கறுப்பும் கொஞ்சம் மண்நிறமும் கலந்து நீங்களே ஒரு நிறம் செய்தீர்கள். அடித்து முடித்ததும் படகை வளைவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எனக்குப் போன் போட்டீர்கள்.

"தெரியுதா?"

"எங்க நிக்கிறீங்க?"

"அதைத்தான் ஒன்கிட்ட கேக்குறேன். தேடு."

"தெரியல அண்ணே. கங்காணி வர்றாரு, போனை வைங்க."

"ஒனக்கே தெரியலன்னா மீனுக்கு எப்படிம்மா தெரியும்!"

உங்களுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நிறம் அடித்தபோதும் இந்தச் சோதனை நடந்தது. மேலே மலையில் நிற்கிற நான் பார்த்துச் சொன்னேன், கீழே தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கும் அதுதான் கணக்கு என்று இரண்டு பேரும் நம்பினோம். மலையிலிருந்து கீழே பார்ப்பதும் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்ப்பதும் ஒன்றில்லை என்று நம் இரண்டு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை பாருங்கள்.

உங்களுக்கு நன்றாக மீன் கிடைத்தது. அதைப் பார்த்து ஒவ்வொருவராக உங்கள் நிறத்துக்கு மாறினார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக்கூட வீட்டில் கொடியில் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தீர்கள். படகைப் பச்சையாக்கிவிட்டு ஆள் பளபளவென்று உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோசனம் என்றீர்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் எங்களுக்குப் பட்டது.

கடைசியாக நீங்கள் படகை எடுத்த அன்று என் வீட்டுக்காரர் உங்களோடு வரவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட்டிருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பியது, பின்னாலேயே பனிமூட்டம் இறங்கியது. நாங்கள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்து வீடுகளுக்கு ஓடினோம். நீங்கள் கரையேறியிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அண்ணி வந்து கேட்டபோதுதான் நீங்கள் வரவில்லை என்பது தெரிந்தது.

படகுகள் தேடிப் போயின. சுனில் அய்யா இருட்டும் வரைக்கும் தேடினார். மறுநாள் வெளிச்சம் வந்தபின் உங்கள் படகு கவிழ்ந்து கிடந்ததைக் கண்டதும் அவர்தான். பார்த்துவிட்டு வந்து கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில்தான் கூப்பிடுவார். "நங்கி, நான் நேத்து அந்தப் பக்கமா ரெண்டு தடவ போனேன்" என்றார்.  

பிறகு தண்ணீருக்குள் மூழ்கி உங்களைத் தேடச் சுழியோடிகள் வந்தார்கள். ஒரு சிங்களப் பையன், சின்ன வயதுதான், குளிரில் நடுங்கிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தான். பிளேன்டீ கொடுத்தேன். உங்களைப் பற்றித்தான் நான் கேட்பேன் என்று நினைத்திருப்பான். என் வாயில் வந்தது வேறு. தண்ணீருக்குள்ளே இருந்து மேலே பார்த்தால் படகு என்ன நிறத்தில் தெரியும் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் பிளேன்டீயைக் கீழே வைத்தான். "ஒக்கொம களுயி, அக்கே" என்றான். எல்லாம் கறுப்புத்தான் அக்கா. மேலே வானம் வெளிச்சமாக இருக்கும், அதற்குக் குறுக்கே எது நின்றாலும் கறுப்பாகத்தான் தெரியும் என்று சிங்களத்தில் விளக்கினான். தாங்கள் வந்த படகு வெள்ளை, அதுவும் கறுப்பாகத்தான் தெரிகிறது என்றான். பக்கவாட்டில், மிகவும் கிட்டே வந்தால் நிறம் கொஞ்சம் தெரியுமாம். மீன் பயப்படுவது பெரும்பாலும் நிழலுக்கும் துடுப்பு படகில் இடிக்கிற சத்தத்துக்கும்தானாம். ஆகவே நீங்கள் சொன்னது முழுப் பொய் இல்லை அண்ணே. ஒரு ஓரத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது.

அந்தப் பையனும் அவன் கூட்டாளிகளும்தான் அன்று பின்னேரம் உங்களைக் கொண்டுவந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, மழையும் விட்ட பிறகு, என் வீட்டுக்காரர் உங்கள் படகில் போகப் போவதாகச் சொன்னார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதானே வழி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டவுனுக்குப் போய் இந்த ஆரஞ்சு டின்னை வாங்கிவந்து வாசலில் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"படகுக்கு."

"வெளையாடுறியா? மச்சான் அடிச்ச கலரை நான் மாத்த மாட்டேன். கரையில எல்லாரும் என்னா சொல்லுவாங்க? மச்சான் போன ஒடனே அவரு பேரை அழிக்கிறான்னு சொல்லுவாங்க."

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது, அது சொல்கிறதைச் சொல்லட்டும் என்றேன். சுழியோடிப் பையன் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தண்ணிக்குள்ளே மனுஷன் பார்க்கிறதும் மீன் பார்க்கிறதும் ஒன்றா என்றார். அதுவும் சரிதான். "மச்சானுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரும்? அவரு இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?" என்று சத்தம் போட்டார்.

அப்படிக் கேட்டவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கீழே உட்கார்ந்தார்.  பிறகு, என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னார்.

உங்கள் படகைக் கண்ட அன்று காலை அதைக் கரைக்கு இழுத்து வந்தவர்களில் அவரும் ஒருவர். படகோடு துடுப்பும் கயிற்றில் கட்டியபடி கிடந்திருக்கிறது. துடுப்பின் நுனியில் உங்கள் வெள்ளைப் பனியன் இருந்ததாம். காற்றில் சுற்றிக்கொண்டது இல்லை, கட்டியது. இரண்டு முடிச்சு. அண்ணியும் நானும் பார்க்கக் கூடாது என்று அங்கேயே அவிழ்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாராம்.

ஆகவே நீங்கள் உடனே போய்விடவில்லை. கவிழ்ந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் குளிரில் பனியனைக் கழற்றி, துடுப்பில் கட்டி, தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் அண்ணே? சுனில் அய்யாவின் படகுச் சத்தம் கேட்டதா? கூப்பிட்டீர்களா? நனைந்த பனியன் மூட்டத்தில் எந்த அளவுக்குத் தெரியும்? இதையெல்லாம் நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் கொழுந்து எடுக்கிறேன். கை தன் பாட்டுக்கு எடுக்கிறது.

"மச்சானே கடைசியில வெள்ளையத்தான் தூக்கிக் காட்டியிருக்காரு" என்றார் என் வீட்டுக்காரர்.  அவரே டின்னைத் திறந்தார். கரைக்குப் போய் இரண்டு பேருமாக அடித்தோம். உங்கள் பச்சை லேசில் மறையவில்லை, இரண்டாவது பூச்சும் தேவைப்பட்டது.

கரையில் சிரிப்பு வராமல் இருக்குமா? "கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். "இன்னைக்கு வெறுங்கூடைதான், வீட்டுல கருவாடு இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க" என்றான் இன்னொருவன். உங்களைப் பார்த்துப் பச்சைக்கு மாறியவர்கள்தான் எல்லோரும். என் வீட்டுக்காரர் படகைத் தள்ளிக்கொண்டு போனார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

நான் மலையில் இருந்தேன். டேம் முழுக்க அந்த ஒரு படகுதான் தெரிந்தது. பக்கத்து நிரையில் நின்ற பிள்ளைகள்கூட, "அக்கா, மாமா அந்தா நிக்கிறாரு" என்றார்கள். நடுவில் மூட்டம் வந்தது. மங்கியதே தவிர மறையவில்லை. கங்காணி வந்தார், நான் வேலையை விட்டுவிட்டு நிற்பதைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் நான் நேராகக் கரைக்குப் போனேன். எல்லோரும் கூடி நின்றார்கள். வெறும் கூடையைப் பார்க்கத்தான் நின்றார்கள். என் வீட்டுக்காரர் கூடையைத் தூக்கி வைத்தார். திலாப்பியா, உங்களுக்குக் கிடைக்குமே அதே அளவு. நல்ல மீன். இரண்டு கெண்டையும் இருந்தன. அதே ஓரம், நீங்கள் உட்காருகிற அதே இடம்.

யாரும் சிரிக்கவில்லை. சுனில் அய்யா கூடையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான்தானே பிடிவாதம் பிடித்தவள், நான்தானே ஜெயித்தவள்.

அண்ணே, அந்தக் கூடை வெறுமையாக வந்திருக்கக் கூடாதா? மீனெல்லாம் அந்த ஆரஞ்சைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கக் கூடாதா? அப்படி ஓடியிருந்தால் நீங்கள் சொன்னது சரியாகியிருக்கும். பிள்ளைகள் சாப்பிடுவதற்காகத்தான் எங்கள் கண்ணிலிருந்து மறைந்தீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். மீன் வந்துவிட்டது. எப்போதும் போல வந்துவிட்டது. நீங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த மீனை நான்தான் கழுவினேன். அண்ணிதான் குழம்பு வைத்தார்கள். சின்னவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

கரையில் இன்னும் பச்சைப் படகுகள் நிற்கின்றன. உங்கள் மேல் உள்ள மரியாதையால்தான் மாற்றாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற உங்கள் கூட்டாளிகளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். என் அண்ணனுக்கு மரியாதை செய்ய நினைத்தால், உங்கள் வீட்டில் தேடுகிறவர்களுக்குக் கண்ணில் படுகிற நிறத்தை அடியுங்கள். மீன் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கப் போவதில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணே. ஒவ்வொரு வருஷமும் காற்றுக் காலம் தொடங்குமுன் அந்தப் படகுக்கு நானே நிறம் அடிப்பேன். அது தண்ணீரில் இருக்கிற நாளெல்லாம் மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கொழுந்து குறைந்தால் குறையட்டும். நம் கரையிலிருந்து போகிற எந்தப் பச்சைப் படகுக்காரன் வீட்டுக்கும் நான் போய் நிறத்தை மாற்றச் சொல்லிக் கேட்பேன், அவர்கள் கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன்.

உங்களைக் கடைசிவரை தேடிக்கொண்டே இருக்கிற,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி