பைய வரட்டும் காற்று

ஏட்டி,

நீ செய்த பாட்டில் இப்போது என் கையில் இருக்கிறது. கழுத்தில் ஈயக்குண்டு, தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு. மூடியபடி இறக்கி, தரை தட்டியதும் தக்கையைச் சுண்டினால் அடித்தண்ணீர் மட்டும் நிறையும். இன்று காலை உங்கள் ஊர்க் காயலிலிருந்து அதை மேலே இழுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. ஆய்வகத்தில் இந்த நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போமே, இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் நடத்த நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நீ காயல்கரைக்காரி, நான் கல்லிடைக்குறிச்சி ஆற்றில் முங்கி வளர்ந்தவள். தாமிரபரணி கடலைச் சேரும் உங்கள் ஊருக்கு முதல் கோடையில் என்னைக் கூட்டிப்போனாய். "பைய இறங்குட்டி, சேத்தக் கிளறாத" என்றாய். மார்பளவுத் தண்ணீர் குளுகுளுவென்றிருந்தது. கால் தரையில் பட்டதும், "ஐயோ, சுடுதே!" என்று அலறினேன். நீ சிரித்த சிரிப்பில் பாட்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டாய்.

"ஒங்க ஆத்துல அடியில குளுமை. இங்க வெயிலு ஏறிச்சுன்னா எல்லாம் தலைகீழு. மேல ஆறு போர்வையாப் படுத்துக்கிடும், கீழ கடலு வேகும்."

பிறகு அதைத்தானே வருடக்கணக்காக அளந்தோம். கனமான உப்புத்தண்ணீர் அடியில் தங்கும், லேசான ஆற்றுத்தண்ணீர் மேலே பரவும். காற்று அசையாத கடும் வெயிலில் இரண்டும் கலக்காது. மேல் தண்ணீரைக் கடந்து இறங்கும் சூடு அடியில் அடைபடும். உயிர்க்காற்றும் கீழே போகாது. அங்கே மீன் மூச்சுத் திணறிச் சாகும், சேறு அழுகி அந்த முட்டை நாற்ற விஷம் ஊறும்.

போன வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. பாவி, இந்தக் கோடையிலா என்னைத் தனியே விடுவாய்?

உன் அண்ணன் படகை விற்று, காயலில் வலைக்கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்க்கிறார். உனக்குத் தெரியும், அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது, காற்று செத்துக் கிடக்கிறது. நேற்று போன் செய்தார். "வெயிலு தாங்கல டீச்சர். கூண்டையெல்லாம் அடிக்கு இறக்கிட்டேன். ஆழத்துல குளுந்து கெடக்கும்லா?"

கடலில் தொழில் செய்தவர். ஆழம் என்றால் குளிர்ச்சி என்பது அவர் உடம்பில் ஊறியது. "தூக்குங்க அண்ணாச்சி, இப்பவே தூக்குங்க!" என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன். நான் போவதற்குள் எல்லாவற்றையும் தூக்கியிருந்தார். ஓரக்கூண்டில் அத்தனை மீனும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மற்றக் கூண்டு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் செத்த மீன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அவ இருந்திருந்தா என்னய ஏசியே கொன்னுருப்பா" என்றார். என்னால் அவரை ஏச முடியவில்லை.

அதனால்தான் இன்று காலை பாட்டிலை இறக்கினேன். "கோயில்ல எல்லாரும் காத்துக்குச் செபம் பண்ணுதாவ டீச்சர். காத்து வந்தா சரியாயிரும்லா?" என்று கேட்டார். நாற்றத்தை முகர்ந்துகொண்டு நின்றேன். காற்று வேகமாக அடித்தால் அடியில் கிடக்கும் அந்த விஷத்தண்ணீர் ஒரேயடியாக மேலே புரளும். மிச்சக் கூண்டுகளும் போகும். காற்றே வராவிட்டாலும் விஷம் மெல்ல மேலேறி, அவை போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால்தான் பிழைக்கும். இதை எப்படியடி அவரிடம் சொல்வேன்? சொன்னேன். கூண்டுக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீ செபம் சொல்லும்போதெல்லாம் உன்னைக் கேலி செய்தவள் நான். இப்போது கரையில் உட்கார்ந்து தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த செபம் நீ தண்ணீரில் இறங்கும்போது சொன்ன அந்த ஒரு சொல்தான்.

ஏட்டி, ஓலை அசையுது.

பைய. பைய.