உங்கள் பிரெஞ்சுத் தளபதி என்னிடம் இருக்கிறான்

மாஸ்ரர்,

நேற்று ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கோலியர்ஸ் வுட் தேவாலய மண்டபத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அதே தரைமெழுகு மணம். கேக் வெட்டியதுகூட எனக்குத் தெரியாது. உங்கள் பேச்சு நடந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் நின்றது.

அன்று இருந்தவர்களை வரிசையாகச் சொல்வேன். பேச வந்த நீங்கள். தலைமை தாங்கிய குணம் அண்ணை. தேத்தண்ணீர் ஊற்றிய அவர் மனைவி பத்மா. கதவடியில் மருந்துக்கடை யோகநாதன். முன்வரிசையில் என் கணவர், பக்கத்தில் நான். ஐம்பது கதிரை போட்டிருந்தோம். மழைக்கு வேறு ஒருவரும் வரவில்லை.

ஊரில் சரித்திரம் படிப்பித்த நீங்கள், இந்த நாட்டுக்கு வந்து எங்கள் வீட்டுச் சின்ன அறையில் வாடகைக்கு இருந்து பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை செய்தீர்கள். லீவு நாட்களில் நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து, நெப்போலியனின் தளபதி ஒருவனின் வாழ்க்கையை ஐந்து கொப்பியில் தமிழில் எழுதினீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவன் பெயர் மட்டும் என் வாயில் நுழையவில்லை. குசினி மேசையில் நீங்கள் வாசித்துக் காட்டியதில் வேறொன்றும் மறக்கவில்லை. நெப்போலியனும் அவனும் பீரங்கிப் படையில் இளந்தாரிகளாக இருந்த நாளிலேயே தோழர்கள். எகிப்துக்குக் கூடவே போனான். ஸ்பெயினில் குண்டு பட்டுக் கை பழுதானது.

மேசையில் சண்டையை அடுக்கிக் காட்ட, பிரெஞ்சுப் படைக்கு என் மைசூர்ப் பருப்பு, எதிரிக்குக் கடுகு.

"மாஸ்ரர், பருப்பை விடுங்கோ, கறி வைக்க வேணும்."

"பொறு தங்கச்சி, பாரிஸ் விழட்டும்."

என் கணவர் சிரித்துக்கொண்டு கடுகை முன்னுக்குத் தள்ளுவார். அவருக்கும் அந்தக் கதை முழுக்கத் தெரியும்.

மண்டபத்தில் பாரிஸ் வரைக்கும் நன்றாகத்தான் வந்தீர்கள். எதிரி நகர வாசலில் நிற்க, ஊர் அழியக்கூடாதென்று உங்கள் தளபதி நகரைக் கொடுத்தான். சில நாட்களில் தன் படையையும் எதிரியின் பக்கம் போகவிட்டான். பிறகு சாகும்வரை துரோகி என்ற பெயர். வேற்று நாட்டில் தெருப் பிள்ளைகளும் விரலால் காட்டினார்களாம்.

"சனத்தைக் காப்பாற்றினதும் அவன், தோழனைக் கைவிட்டதும் அவன். நான் இரண்டையும் எழுதுவன்," என்றீர்கள்.

யோகநாதன் எழும்பினான். "ஆரைச் சொல்லுறீர் மாஸ்ரர்? அங்கை ஊரிலை சண்டை நடக்கேக்கை, சரணடையிறவைக்கு இஞ்சை வக்காலத்தோ?"

"தம்பி, இது நெப்போலியன் காலத்துக் கதை."

"சும்மா போங்கோ. ஆரின்ரை கதை எண்டு எங்களுக்கு விளங்காதோ?"

அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு எந்தக் கதையும் ஊர்க்கதையாகத்தான் கேட்டது. குணம் அண்ணை என் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஐசே, உம்மடை வீட்டிலைதானே இருக்கிறார். இது மெய்யாப் பிரெஞ்சுக்காரன்ரை கதையோ? நீர் சொன்னால் நம்புறம்."

நீங்களும் அவரைத்தான் பார்த்தீர்கள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"எனக்கு உதொண்டும் தெரியாது அண்ணை."

நான் எழும்பினேன். "எனக்குத் தெரியும். துவக்கத்திலையிருந்து சொல்லட்டோ?"

"இருங்கோ அக்கா," என்றான் யோகநாதன். "நெப்போலியன் உங்கடை வீட்டிலை தோசை சாப்பிட்டவனோ?"

பத்மா சிரித்தாள்.

துரோகி வாத்தியார் என்ற பேச்சு அடுத்த கிழமைக்குள் குரோய்டன் வரைக்கும் போய்விட்டது. ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் தோர்ண்டன் ஹீத்துக்கு அறை மாறினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதப் பேனை எடுக்கவில்லையாம். இரண்டு வருடத்தில் மாரடைப்பு. செத்தவீடு முடிந்து நானே போய் உங்கள் அறையைத் தேடினேன். ஒரு கொப்பியும் இல்லை. கிழித்தீர்களோ, எரித்தீர்களோ?

இப்போது அந்தப் புத்தகம் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது எகிப்தில் தொடங்கினால், குழம்பு கொதிக்கும்போது பாரிஸ் வந்துவிடும். ஒரு வரி குறைய விடுவதில்லை.

செத்தவீட்டில் யோகநாதன் உங்கள் பெட்டியடியில் விம்மி அழுதான். நீங்கள் பேசிய அந்த மாதம்தான் அவனுடைய தம்பி சண்டையில் செத்தானாம். அவனோடு பேசுகிறேன். பத்மா சிரித்த சிரிப்புக்கு நாலு வருடம் அவள் வீட்டில் கை நனைக்கவில்லை, அதுவும் போகட்டும். தெரிந்துகொண்டே தெரியாதென்று சொன்ன மனிதருக்கு மட்டும் மூன்று நேரமும் சோறு போடுகிறேன், மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், மன்னிக்கவில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. உங்களுக்காக இதில் எழுதுகிறேன்: சின்னத்தம்பி தில்லையம்பலம்.